ஒரே தப்பு, நாற்பத்தொரு விடைத்தாள்

கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஸ்லைடு மேடம்'. பதினொரு வருடமாக அதே ஸ்லைடுகள். அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

ஒரு தேர்வில் நாற்பத்தொரு பேர் ஒரே தப்பை எழுதியிருந்தார்கள். பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று கொதித்தவர், கடைசியில் அந்தத் தப்பைத் தன் ஸ்லைடிலேயே கண்டார். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருந்தார். ஒருவர் பேருந்துக்காகச் சராசரியாக ஆறு நாள் நிற்கிறார் என்று விடை வந்திருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவரும்தான்.

அதன்பின் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. பாடத்திட்டத்தை விரித்துவைத்து அடிப்பார், எழுதுவார், மறுபடி அடிப்பார்.

"என்ன படிக்கணும்னு எழுதியிருக்கேன். எதுக்குன்னு எழுதவே இல்லீங்க," என்றார் கணவரிடம்.

"முதல்ல உட்கார்ந்து சாப்பிடு," என்றார் அவர்.

துறைத்தலைவர் பிடிகொடுக்கவில்லை. "பாடத்துல கைவைக்க முடியாது. அசைன்மெண்ட்டை வேணா மாத்திக்கோங்க. ரிசல்ட் குறைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்."

புதிய பருவத்தின் முதல் வகுப்பில் வெள்ளைத்தாள்களைக் கொடுத்தார். "உங்க மனசை அரிக்கிற ஒரு கேள்வி எழுதுங்க. எண்ணிப் பார்த்துப் பதில் கண்டுபிடிக்கணும்."

"இது பரீட்சைக்கு வருமா மேடம்?"

"வராது."

பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டார்கள். மூன்றாவது வாரம் துறைத்தலைவரிடம் புகார் போனது. பழைய ஸ்லைடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் தவித்த நாளில், வகுப்பில் வாயே திறக்காத, கல்யாணமான ஒரு மாணவி நோட்டோடு வந்தாள்.

"மாமியாருக்கு அடிக்கடி தலை சுத்துது மேடம். என் சமையல்தான் காரணம்னு வீட்ல சொல்றாங்க. ஒரு மாசம் குறிச்சேன். பதினோரு நாள் சுத்துச்சு. அதுல ஒன்பது நாள் மாத்திரையை வெறும் வயித்துல போட்டிருக்காங்க."

"வெறும் வயித்துல போட்டும் சுத்தாத நாள் எத்தனை?"

மாணவி திகைத்தாள். "அதைக் குறிக்கலையே."

நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினாள். "இன்னும் ஒரு மாசம் குடுங்க மேடம். எல்லா நாளும் குறிக்கிறேன்."

ஆசிரியை ஸ்லைடுகளை மூடினார்.

இரண்டாவது கணக்கும் மாத்திரைப் பக்கமே சாய்ந்தது. அதைப் பார்த்த மருத்துவர், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னார். தலைசுற்றல் குறைந்தது. வீட்டில் மருமகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை; சமையலைக் குறை சொல்வது மட்டும் நின்றது.

பருவத் தேர்வில் வழக்கத்தைவிட நான்கு பேர் கூடுதலாகத் தோற்றார்கள். இந்த முறைக்கு இன்னும் ஒரு பருவம்தான் என்று துறைத்தலைவர் கறாராகச் சொன்னார். ஆசிரியை வாதாடவில்லை. தோற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்தார்.

"எந்த வாரத்துல புரியாமப் போச்சு? மறைக்காம சொல்லுங்க."

முதலில் வந்தவன் தயங்கினான். "ரெண்டாவது வாரமே மேடம்."

அவர் பாடத்திட்டத்தை எடுத்து, இரண்டாவது வாரத்து அசைன்மெண்ட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார்.