தாமரையின் பின்னால் நாகையா நடந்த சனிக்கிழமை

நாகையாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. வீடு செந்தூலில், பிளாட்டின் நாலாவது மாடி. லிப்ட் பழுதானால் படியேற மாட்டார். கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அது சரியாகும்வரை நுரை பொங்க ஆற்றிய தே தாரே தேநீர் குடிப்பார். ஒருமுறை மூன்று மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தவரை மனைவி குமுதா இறங்கி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், சமூக மருத்துவத் துறையில் அவர் கிளார்க். பதினெட்டு வருஷ வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யாரோடும் சண்டை போட்டதில்லை, எதிர்த்துப் பேசினதுமில்லை. துறையில் எடுத்த குரூப் போட்டோக்களில் பாதியில் அவர் இருப்பதே தெரியாது, தூணுக்குப் பின்னால் நின்றிருப்பார்.

அந்த வருஷம் துறைத்தலைவர் டாக்டர் பரமேஸ்வரனுக்கு ஒரு யோசனை வந்தது. நாளைக்கு டாக்டராகி, வருகிற நோயாளியிடமெல்லாம் தினமும் நடங்கள் என்று சொல்லப்போகிற பிள்ளைகள் இன்றைக்கு எவ்வளவு நடக்கிறார்கள்? மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எண்பத்து நாலு பேரின் மணிக்கட்டிலும், எத்தனை அடி எடுத்து வைக்கிறார்கள் என்று எண்ணும் பட்டை ஒன்றைக் கட்டச் சொன்னார். பட்டைகளைக் கொடுத்ததும், திங்கட்கிழமைதோறும் எண்களை எழுதியெடுத்ததும் நாகையாதான்.

எண்கள் பரிதாபமாக இருந்தன. ஆளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு மூவாயிரம் அடி. ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானூறு அடிதான் நடந்திருந்தான், அதிலும் பாதி தூக்கத்தில் புரண்டதாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

இரண்டாவது வாரம் லோகேஷ் என்ற மாணவனின் பட்டை ஒரே நாளில் நாற்பத்தெட்டாயிரம் காட்டியது. டாக்டர் பூரித்துப்போய் அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, எப்படிச் சாதித்தாய் என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். பையன் தலையைச் சொறிந்தான். பூச்சோங்கில் உருமி மேளம் வாசிக்கும் அவன் சித்தப்பா மகனின் கையில் பட்டை இருந்திருக்கிறது. அன்றைக்குக் கோயில் ஊர்வலம். அவன் அடித்த அடியையெல்லாம் பட்டை நடந்த அடியாக எண்ணிவிட்டது.

அன்றிலிருந்து பெரிய எண் எதைக் கண்டாலும் டாக்டருக்குச் சந்தேகம். அடுத்த திங்கட்கிழமை தாமரையின் எண்கள் அவர் கண்ணில் பட்டன. நாள்தோறும் இருபத்தாறாயிரம், சனிக்கிழமை முப்பத்தோராயிரம். தாமரை இரண்டாவது வரிசையில் உட்காரும் அமைதியான பெண். உருமிக்காரர்கள் யாரும் அவளுக்குச் சொந்தமில்லை என்று நாகையா விசாரித்துச் சொன்னார். டாக்டர் சமாதானமாகவில்லை. யாராவது ஒருநாள் வந்து நேரில் பார்ப்போம் என்று பட்டையோடு கொடுத்த ஒப்புதல் தாளில் ஒரு வரி இருந்தது. எண்பத்து நாலு பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் பார்ப்பது அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கூடுதலாக நடப்பாள்.

"நீங்கதான் சரியான ஆளு, நாகையா. உங்கள யாருமே கவனிக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

அது பாராட்டா என்று நாகையாவுக்குப் புரியவில்லை. நன்றி சொல்லிவைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையிலும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார் டாக்டர்.

சனிக்கிழமை விடியுமுன்பே நாகையா செலாயாங் பாசாருக்கு, அந்த மொத்த வியாபாரச் சந்தைக்கு, போய்ச் சேர்ந்தார். தாமரையின் அப்பா சின்னையாவும் அம்மா இராஜம்மாவும் அங்கே காய்கறிக் கடை வைத்திருந்தார்கள். வகுப்பில் வெள்ளைக் கோட்டோடு பார்த்த பெண்ணை நாகையாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, தோளில் கத்தரிக்காய்க் கூடை. லோரிக்கும் கடைக்கும், கடைக்கும் வாங்க வந்தவர்களின் வேனுக்குமாகப் போய்வந்துகொண்டே இருந்தாள். நாகையா பத்தடி பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தார். ஆறு நாற்பதுக்கு, "மீண்டும் முட்டைக்கோஸ். அவளுக்குக் களைப்பு இல்லை. எனக்கு உண்டு" என்று எழுதினார்.

பாசாரில் எல்லாரும் அரைக்கால் சட்டையும் பூட்ஸுமாகத் திரிய, இவர் மட்டும் இஸ்திரி போட்ட முழுக்கால் சட்டை, பளபளக்கும் ஆபீஸ் சப்பாத்து, பையில் இரண்டு பேனா. கவனிக்காமல் இருப்பார்களா? எதிர்க் கடையில் மிளகாய் விற்கும் புஷ்பவல்லிதான் முதலில் பார்த்தாள். கண்ணியமான ஒருத்தர், தாமரை போகுமிடமெல்லாம் போகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் விட்டுப் பெண்ணை விசாரிக்கிறார்கள் என்று முடிவுசெய்து, ஓடிப்போய் இராஜம்மாவிடம் சொன்னாள்.

படிப்பு முடியாமல் கல்யாணப் பேச்சே கூடாது என்பது இராஜம்மாவின் கொள்கை. அதற்காக வந்த மனுஷரைப் பசியோடு நிற்க விடமுடியுமா? சின்னையா போய் அவரைக் கூட்டிவந்து கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்காரவைத்தார். புஷ்பவல்லி தோசை வாங்கிவந்தாள். பாசார்க்காரர்கள் நல்ல உபசரிப்புள்ளவர்கள் என்று நினைத்துக்கொண்டு நாகையா ஆறு தோசை சாப்பிட்டார்.

கை கழுவியதும் இராஜம்மா மெதுவாகக் கேட்டாள், யார் அனுப்பினது என்று. பெண்ணிடம் சொல்லக்கூடாது என்றுதானே உத்தரவு, அம்மாவிடம் சொல்லலாம் என்று நாகையாவுக்குத் தோன்றியது. டாக்டர் பரமேஸ்வரன் என்றார். டாக்டர் என்றதும் சின்னையா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நாகையா நோட்டைத் திறந்து கேள்விகளை ஆரம்பித்தார். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருவாள், எவ்வளவு நேரம் தூங்குவாள், படியேறினால் மூச்சு வாங்குமா. விசித்திரமான குடும்பம்தான், ஆனாலும் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள் என்று எண்ணி இராஜம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மகள் காலிபிளவர் கூடைமேல் புத்தகத்தை வைத்து நின்றுகொண்டேதான் படிப்பாளாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதி வழி நடந்தேதான் போவாளாம்.

இரண்டு தரப்புக்கும் திருப்தி. டாக்டர் எப்போது பெண்ணைப் பார்க்க வருவார் என்று சின்னையா கேட்டார். அவர் தினமும் வகுப்பில் பார்க்கிறாரே, இப்படி ஒரு பெண் இருக்க முடியுமா என்று ஆச்சரியப்பட்டுத்தானே என்னை அனுப்பினார் என்றார் நாகையா.

இராஜம்மாவின் முகம் மாறியது. "டாக்டருக்கு என்ன வயசு, அண்ணே?"

"வர்ற ஜனவரிக்கு அறுபத்தொண்ணும்மா."

சின்னையா போட்ட பொத்தானை மறுபடி கழற்றினார். பிறகு புஷ்பவல்லி, "வீட்டுல சம்சாரம் இருக்காங்களா?" என்றாள்.

"இருக்காங்க லா. ரொம்ப நல்லவங்க. இந்த விஷயத்துல அவங்கதான் ஃபுல் சப்போர்ட்டு."

இராஜம்மா எழுந்தாள். எழும்போது கைக்கு எட்டியது ஒரு நீள முள்ளங்கி. என்ன தப்பு நடந்தது என்று நாகையாவுக்குத் தெரியவில்லை, ஆனால் முள்ளங்கி புரிந்தது. ஓடினார். வெங்காயச் சந்தில் திரும்பி, வாழைத்தார்களைத் தாண்டி, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு முதல்முறையாக ஓடினார். பின்னால் இராஜம்மா, புஷ்பவல்லி, சின்னையா, காரணம் தெரியாத இன்னும் நாலு பேர்.

சத்தம் கேட்டுத் தாமரை கூடையை இறக்கினாள். பட்டை கொடுத்த கிளார்க்கைத் தன் அம்மா துரத்துவதைப் பார்த்தாள். ஓடிவந்து அம்மாவை முந்தி, அவரையும் முந்தி, எதிரே கையை விரித்து நின்று மறித்தாள்.

"அங்கிள், நீங்க இங்க என்ன பண்றீங்க?"

பேச மூச்சு இல்லாமல் நாகையா நோட்டை நீட்டினார். தாமரை நின்றபடியே படித்தாள். முட்டைக்கோஸ் வரிக்கு வந்ததும் சிரிப்புத் தாங்காமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அன்றைக்கு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாகையா நோட்டைத் திரும்ப வாங்கி நேரத்தைக் குறித்தார்.

அவள் ஆராய்ச்சியை விளக்கிச் சொன்னபின் இராஜம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. முள்ளங்கியோடு இரண்டு கட்டு கீரையும் சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை நாகையா அறிக்கையை வைத்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அவர் பட்டையே பத்தொன்பதாயிரம் காட்டியிருந்தது. டாக்டர் ஓர் இடத்தில் நிறுத்தி, "எட்டு ஐம்பத்திரண்டு முதல் ஐம்பத்தெட்டு வரை ஓட்டம், காரணம் முள்ளங்கி, அப்படின்னா?" என்றார். நாகையா எதையும் மறைக்காமல் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, இது அறிக்கையில் வேண்டாம் என்றார்.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போதுதான் வம்பு வந்தது. உருமிக் கணக்கோடு தாமரையின் கணக்கையும் நீக்கிவிடலாம், மற்றவர்களிடமிருந்து அது எட்டாத தூரத்தில் நிற்கிறது, வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று புள்ளியியல் நிபுணர் எழுதியிருந்தார். டாக்டரும் சரி என்று தலையசைத்தார். கோப்பை எடுக்க வந்த நாகையா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். போகவில்லை.

"நான் பின்னாலேயே நடந்தேன், டாக்டர். அந்தப் பொண்ணு வச்ச ஒவ்வொரு அடியும் உண்மை. அதை எடுக்குறதா இருந்தா கட்டுரையில என் பேரையும் எடுத்துடுங்க."

உதவியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருப்பதே டாக்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவர் நாகையாவை உட்காரச் சொன்னார். நாகையா நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் எண் திரும்ப உள்ளே வந்தது, சராசரி இருநூற்றுச் சொச்சம் ஏறியது. சந்தேகப்படுகிறவர்களுக்காக ஓர் அடிக்குறிப்பு போடலாம், அதை நீங்களே எழுதுங்கள் என்றார் டாக்டர். நாகையா இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, நாலு தாளைக் கிழித்துப்போட்டு, ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: இந்த எண் சரியானது, உடன் நடந்து பார்த்தவர் சாட்சி.