மார்கரெட் எண்ணிய தீக்குச்சிகள்

தீக்குச்சிகளை எண்ணாமல் மார்கரெட்டின் வேலைநாள் தொடங்கியதே இல்லை. சதுரங்கப்பட்டினத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய உயர்நிலைப் பள்ளியில் அவர் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. திருக்கழுக்குன்றத்தின் பக்கத்தில் பிறர் வயலில் நாற்று நட்டவர் அவருடைய தாய். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் மார்கரெட்தான். சேர்ந்த புதிதில் ஒரு சோதனைக்குழாய் காணாமற்போக, எல்லாருடைய கண்களும் அவர்மேல் திரும்பின. ஒரு வாரம் கழித்து அந்தக் குழாய் அப்போதைய தலைமையாசிரியரின் மேசையில், ஒற்றை ரோசாப்பூவைத் தாங்கியபடி நின்றது. அன்று முதல் மார்கரெட் முந்திக்கொண்டார். பிறர் தம்மைச் சந்தேகிப்பதற்குள் அவர்களைத் தாம் சந்தேகித்துவிடுவார்.

நாள்தோறும் காலையில் ஆய்வகத் தீப்பெட்டியைக் கவிழ்த்து எண்ணுவார். வாயிற்காவலர் காசிநாதன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா மேடம், ராத்திரி எத்தினி குச்சி குட்டி போட்டுச்சு?"

"முப்பத்தெட்டு. நேத்தும் முப்பத்தெட்டு. உங்க பீடிக்கு இங்க நெருப்பு கெடைக்காது."

அது வெறும் பேச்சன்று. வளாகத்துக்குள் காசிநாதன் பீடி பிடித்ததை மார்கரெட் முறையிட்டதால், தலைமையாசிரியை கல்யாணி அவருக்குக் கண்டிப்புக் கடிதம் கொடுத்திருந்தார். காசிநாதன் தற்காலிகப் பணியாளர். இன்னொரு குற்றம் சேர்ந்தால் வேலை போய்விடும்.

இந்த நிலையில்தான் ஆய்வகத்தை ஒட்டிய பொருளறையில் தீப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல், ஆலயத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் மார்கரெட்டின் கைப்பேசி ஒலித்தது. அவர் வந்து சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. காசிநாதன்தான் மணலை வாரிக் கொட்டி அணைத்திருந்தார். அவருடைய முன்கை மயிர் கருகியிருந்தது.

"கதவிடுக்கு வழியா பொகை வந்துகினு இருந்திச்சு. தொறந்தேன், குபீர்னு எழும்பிச்சு" என்றார்.

மூடிய அறையில் காற்றுக் குறைந்து கனன்றுகொண்டிருந்த நெருப்பு, கதவைத் திறந்ததும் ஆக்சிஜன் கிடைத்து எழும்பியிருக்கும். அதை மார்கரெட் ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் பொறி எங்கிருந்து வந்தது? எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். முதலிரண்டும் அறையில் இருந்தவை. மூன்றாவதை யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். மின்னிணைப்பு அந்த அறைக்கு இல்லை, பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே இரண்டு, ஒன்று தம்மிடம், மற்றது காசிநாதனிடம். தீப்பெட்டியில் முப்பத்தெட்டுக் குச்சிகளும் இருந்தன. ஆகவே அது ஒரு பீடிக்காரரின் சொந்தக் குச்சி. கண்டிப்புக் கடிதத்துக்குப் பழிவாங்கத் தீ வைத்துவிட்டு, தாமே அணைத்து நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்.

திங்கட்கிழமை, கல்யாணியின் அறையில் காசிநாதனின் எதிரிலேயே இதைச் சொன்னார்.

"நான் வெக்கல டீச்சர். மேடம் வெச்ச மூட்டைதான் கொளுத்திகிச்சு" என்றார் காசிநாதன்.

முன்வாசலில் பிள்ளைகள் பார்ப்பதற்காக ஒரு பழைய மரப்படகு வைக்கப்பட்டிருந்தது. படகுப் பட்டறையில் முன்பு வேலை பார்த்தவர் என்பதால், சனிக்கிழமை காசிநாதன்தான் அதற்கு மீன் எண்ணெய் பூசினார். பூசிய துணிகள் எட்டையும் வேலிக்கம்பியில் தனித்தனியாக விரித்துப் போட்டார். பள்ளித் துணியை வேலியில் போடுபவர் அப்படியே வெளியே கொண்டுபோகமாட்டார் என்பது என்ன நிச்சயம்? மார்கரெட் எட்டையும் எண்ணி எடுத்து, இறுகச் சுருட்டி, அட்டைப்பெட்டிக்குள் திணித்துப் பொருளறையில் பூட்டியிருந்தார்.

"எண்ணெத் துணிய எவனும் பட்டறைல சுருட்டி வெக்க மாட்டான் டீச்சர். அது உள்ளயே சூடேறும்."

"நெருப்பில்லாம சூடேறுமா? யார் காதுல பூ சுத்துறீங்க?" என்றார் மார்கரெட்.

பள்ளி மேலாண்மைக் குழு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கூடி முடிவெடுக்கும் என்று கல்யாணி சொல்லிவிட்டார்.

காசிநாதன் சொல்வது பொய் என்பதைக் குழுவின் முன் காட்ட வேண்டும் என்று மார்கரெட் முடிவுசெய்தார். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, மீந்திருந்த மீன் எண்ணெயில் பழைய பருத்தித் துணிகளை நனைத்துப் பிழிந்தார். ஒன்றைக் கொடியில் விரித்தார். மற்றவற்றைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் திணித்து, நடுவில் வெப்பநிலைமானியைச் செருகினார். பக்கத்தில் ஒரு வாளி மணலையும் வைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கொடித் துணி முப்பத்து நான்கு பாகை காட்டியது, பெட்டி நாற்பத்தொன்று. வெப்பநிலைமானியின்மேல் சந்தேகம் வந்து வேறொன்றைச் செருகினார். அதுவும் நாற்பத்தொன்றே காட்டியது. யாராவது பெட்டியைத் தொட்டிருப்பார்களோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு மணிக்கு ஐம்பத்தேழு. ஒன்றரை மணிக்கு எழுபத்தொன்பது. கொடித் துணி வெயிலின் சூட்டைத் தாண்டவில்லை.

எண்ணெய் ஆக்சிஜனுடன் மெல்லச் சேரும்போதே வெப்பம் பிறக்கிறது. விரித்த துணியில் அதைக் காற்று அள்ளிச் சென்றுவிடும். சுருட்டிய துணியில் அது போக வழியின்றிச் சேரும். சேர்ந்த சூடு அந்த வினையை இன்னும் விரைவாக்கும். எரிவெப்பநிலையைத் தொட்டதும் தானே பற்றிக்கொள்ளும். தன்னிச்சையான எரிதல் என்று பாடநூலில் படித்ததுதான். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெப்பத்தை யாரும் கொண்டுவரவில்லை. தம் கையாலேயே அதை அவர் பூட்டி வைத்திருந்தார்.

இரண்டரை மணிக்குப் பெட்டியைக் கல்யாணியின் மேசைமேல் வைத்தார். "துணியைச் சுருட்டி வெச்சது நான். அவர் மேல தப்பில்ல, டீச்சர்."

கல்யாணி வெப்பநிலைமானியைப் பார்த்தார். "எழுத்துல குடுத்தா உங்க பணிப்பதிவேட்டுல ஏறும், மார்கரெட்."

"ஏறட்டும்."

எழுதிக் கையொப்பமிட்டு, பள்ளி முத்திரை குத்திய ஒரு படியை எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போனார். காசிநாதன் சீருடைச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பனியனோடு நின்றிருந்தார்.

"இன்னும் என் மேல இன்னா எழுதிக் குடுத்தீங்க?"

மார்கரெட் தாளை நீட்டினார். காசிநாதன் உதடுகளை அசைத்து ஒருமுறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதுல எங்கனா உள்குத்து கீதா?"

"இல்லீங்க. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

காசிநாதன் சட்டென்று மூக்கைத் தூக்கினார். "அந்த மூட்டைய பிரிச்சிட்டீங்களா?"

பிரிக்கவில்லை. அது கல்யாணியின் மேசைமேல் இருந்தது. இருவரும் ஓடினார்கள். பெட்டியிலிருந்து நூல்போலப் புகை வந்தது. கல்யாணி கதவோரம் ஒதுங்கி நின்றிருந்தார். காசிநாதன் பெட்டியைத் தூக்கிப்போய் முற்றத்து மணலில் கவிழ்த்து, மேலேயும் மணலை அள்ளிப் போட்டார். ஆறிய பிறகு துணிகளை ஒவ்வொன்றாக உதறி எடுத்தார். மார்கரெட் அவற்றை வாங்கி வேலியில் போட்டார்.

"தள்ளித் தள்ளிப் போடுங்க மேடம். ஒண்ணு மேல ஒண்ணு வாணாம்."

குழுவினரின் கார் வாயிலில் நுழைந்தது. காசிநாதன் பையிலிருந்து சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அந்தத் தாளை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, முத்திரை உண்மையானதுதானா என்று பார்த்தார்.