தொடாமல் பார்க்கும் வைத்தியர்

போன ஞாயிற்றுக்கிழமை சின்னையா என் துணிக்கடைக்கு வந்தார். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். பத்து வருட வாடிக்கை.

கண் இரண்டும் மஞ்சள். கை கால் குச்சி. வயிறு மட்டும் முட்டிக்கொண்டு நின்றது.

“மகளுக்கு ஒரு சேல எடுங்க மொதலாளி. ஊருக்குப் போகணும்.”

மகள் கடல் தாண்டி, திருச்சிப் பக்கம் அத்தை வீட்டில் வளர்கிறாள். அவளைப் பார்த்து ஆறு வருடமாகிறது.

“சேலை கிடக்கட்டும். வயித்துக்கு என்ன?”

“காய்ச்சக் கட்டின்னு தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா சொன்னாருங்க. நாலு மாசமா கொயினா மருந்து குடிக்கிறேன்.”

காய்ச்சல் கட்டி என்றால் மண்ணீரல் வீக்கம், அது இடது பக்கம் வரும் என்று பதுளையில் துணி கிழிக்கிற எனக்கே தெரியும். இவர் கை வைத்துக் காட்டியதோ வலது விலாவுக்குக் கீழே!

“தொட்டுப் பாத்தாரா?”

“எங்களத் தொடுவாருங்களா?”

அந்தத் தோட்டத்து வைத்திய முறை அப்படி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது நோயாளிகள் தனி வரிசையில் நிற்க வேண்டும். டிஸ்பென்சர் ஐயா இரண்டு முழம் தள்ளி நின்று, “நாக்க நீட்டு” என்பார். ஒருவருக்குக் கொயினா, அடுத்தவருக்கு விளக்கெண்ணெய்... முடிந்தது. லயத்தில் குடியிருக்கும் கூலி ஆளைத் தொட்டால் தீட்டாம்! மூன்றாம் முறை வலி என்று போன சின்னையாவுக்கு, “வேலைக்கு மட்டம் போடுறான்” என்று பட்டம் வேறு.

மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்து டாக்டர் அவரைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே விரலை அழுத்தினார். தட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம்தான்.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “ஈரலிலை புற்று. கல்லு மாதிரிக் கிடக்கு. கத்தி வைக்க வழியில்லை. நோவுக்கு மருந்து குடுப்பம்.”

“நாலு மாசம் முந்தி வந்திருந்தா?”

“அப்பவும் மாத்தேலாது. ஆனா ஊருக்குப் போய்ச் சேருற பெலன் இருந்திருக்கும்.”

கேட்டீர்களா? உயிரை மீட்கத்தான் மருந்தில்லை. மகளைப் பார்க்க நாள் இருந்தது. அந்த நாளையும் கொயினாவில் கரைத்துக் குடிக்க வைத்துவிட்டார்கள்.

பண்டாரவளை ரயிலடி வரைக்கும்கூடச் சின்னையாவால் இனி உட்கார்ந்து போக முடியாது. சேலையை நான் தபாலில் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை டிஸ்பென்சர் ஐயாவே கடைக்கு வந்தார். கோட்டுத் துணி வேண்டுமாம். விஷயத்தைச் சொன்னேன்.

“புத்துநோயா? அடடா... நாக்கு நல்லாத்தானே இருந்துச்சு!”

சொல்லிக்கொண்டே ஆறு துணியைப் பிரித்துப் போடவைத்தார். ஒவ்வொன்றையும் கசக்கினார், நீவினார், வெளிச்சத்தில் பிடித்தார். கடைசித் துணியில் விரல் நின்றது.

“வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கு. உள்ள இழ விட்டிருக்கு. தொட்டுப் பாத்தாத்தானே மொதலாளி தெரியும்!”

துணியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன்... அந்தக் கைக்கு என் கடையில் ஒரு முழம்கூட இல்லை.