பெர்மீசோ

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கும் வாய் உண்டு. சாப்பிட மட்டும்தான் திறக்கும். எட்டாம் வகுப்பில் டீச்சரிடம் சந்தேகம் கேட்கப் பயந்து, பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான்.

வெளிநாட்டு ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் நானும் என் நாத்தனாரும் படுக்கை விரிப்பு மடிக்கிறோம். நாள் முழுக்க நின்றபடி வேலை. என்னைவிட என் முழங்கால்கள் அதிகம் பேசும். துணிவண்டி குறுக்கே நின்றால், அது நகரும்வரை கைநிறைய விரிப்போடு நானும் நிற்பேன். அதனால் எனக்குத் 'தூண்' என்று பெயர்.

எதிர்மேஜைக்காரியின் தாய்மொழி ஸ்பானிஷ். யாரையாவது தாண்டிப் போகும்போது "பெர்மீசோ" என்பாள். கொஞ்சம் வழி விடுங்கள் என்று பொருளாம். அடுத்தவர் அறைக்குள் நுழையும்போதும் அதையே சொல்வார்களாம். சின்னச் சொல்தானே என்று நானும் கற்றுக்கொண்டேன். சொன்னேன். சொல்லிவிட்டுப் பதிலுக்காக நின்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பதிலெல்லாம் யாரு சொல்லுவா? சொல்லிட்டே நடக்கணும், தூணு!"

அனுமதி கேட்கிற சொல்லாம், ஆனால் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாதாம். எனக்கு அது அக்கிரமமாகப் பட்டது.

நேற்று, கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் மிஷினுக்கு ஆள் வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். உட்கார்ந்து செய்யும் வேலை! விருப்பமுள்ளவர்கள் மதிய இடைவேளை முடிவதற்குள் அவர் அறைக்கு வந்து சொல்ல வேண்டும்.

போனேன். வண்டி தள்ளும் நான்கு பேர் வாசலை அடைத்துக்கொண்டு அரட்டையில் இருந்தார்கள். பத்து நிமிடம் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, இன்னும் அஞ்சு நிமிஷம்தான். உங்க முட்டிக்காகவாவது வாயைத் திறங்க!" என்று நாத்தனார் பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள்.

"பெர்மீசோ" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். நான்கு முதுகுகளும் விலகின. எங்கே நிற்க வேண்டும் என்று எதிர்மேஜைக்காரி சொல்லித்தரவில்லை. மேற்பார்வையாளரின் மேஜையில் இடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"மிஷினுக்கா? தைக்கத் தெரியுமா?" என்றார்.

சீருடையின் பையை வெளியே இழுத்து, நானே போட்ட தையலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து மிஷின்ல உட்காருங்க."

மணி அடித்தது. நாத்தனார் அந்த நான்கு பேருக்கு நடுவே தலையை நீட்டினாள்.

"என்னாச்சு அண்ணி, கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் உள்ளேயே நிக்கிறீங்க?"

"வழியில ஆள் நிக்கிறாங்கல்ல."