வேறு உறவைத் தேர்ந்தெடுக்கவும்

எங்கள் ஆபீசில் அவனுக்குச் 'செவப்பு' என்று பெயர். நிறத்தால் வந்ததல்ல. லீவு கேட்கும் ஆப் ஒன்றைச் செய்து கம்பெனிகளுக்கு விற்கிறோம். எங்கள் லீவும் அதில்தான். யாராவது ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் அடியில் சிவப்பெழுத்தில் ஒரு வரி வந்து ஆளைத் தடுக்கும். எந்தக் கட்டத்தில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று விதி எழுதுவது அவன் வேலை. அந்தச் சிவப்பு வரியும் அவன் எழுதுவதுதான். காரணம் கேட்கும் கட்டத்தில் வெறும் புள்ளிகளை வைத்துவிட்டு யாரும் தப்ப முடியாது. நானே மூன்று முறை மாட்டியிருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரன் என்ற இரக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு பொய் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்பு வேறு கம்பெனியில் அவனுக்கு இண்டர்வியூ. மேனேஜர் லீவு தருவதாக இல்லை. உறவு என்ற கட்டத்தில் 'அப்பா', காரணத்தில் 'மரணம்' என்று போட்டுவிட்டான். மூன்று நாள் கிடைத்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. அப்பா வீட்டில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாராம். விஷயத்தைக் கேட்டுக் கோபப்படுவார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு போன் அடித்தால், "நீயே எடுடா. செத்தவன் எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்பாராம். ஆபீசில் இது எனக்கு மட்டும் தெரியும்.

இந்த வருஷம் எங்களில் ஒருத்தருக்கு அதே சின்ன மாமா இரண்டாவது தடவை இறந்தார். மேனேஜர் கொதித்துப் போனார்.

"ஒரு தடவை போனவங்க திரும்பப் போகக் கூடாது. அவங்களுக்குக் காய்ச்சல்கூட வரக் கூடாது. ரூல் போடு" என்றார் செவப்பிடம்.

போட்டான். மாமா, அத்தை, பெரியப்பா, சித்தப்பா எத்தனை பேர் இருந்தாலும் பெயரோடு சேர்க்கலாம். அப்பா ஒருவர்தான். நல்ல வேலைக்காரன், என்ன செய்ய? சிவப்பு வரியையும் மரியாதையாகவே எழுதினான்: 'இந்த உறவினர் ஏற்கெனவே காலமாகிவிட்டார். வேறு உறவைத் தேர்ந்தெடுக்கவும்.' நான் அவனைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த மாதமே அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடனே ஆபரேஷன் என்றார்கள். அவனை விட்டால் அவருக்கு ஆளில்லை. ஆப்பைத் திறந்து 'அப்பா' என்று தொட்டான். அவன் எழுதிய வரி அவனுக்கே வந்து நின்றது. ரூலை மாற்றலாம், ஆனால் மேனேஜர் பார்த்துச் சரி என்றால்தான் அது ஆப்பில் ஏறும். உண்மையைச் சொல்லலாம், பொய் சொல்லி லீவு எடுத்தவனுக்கு வேலை இல்லை.

"எந்தப் பக்கமும் போக முடியலடா" என்றான் என்னிடம். கண் கலங்கியிருந்தது. கடைசியில் அப்பாவுக்கே போன் போட்டான்.

"பெரியப்பான்னு போட்டுக்கோ" என்றார் அவர். "தம்பி போயிட்டான், அண்ணன் நான் இருக்கேன். என்ன கெட்டுப்போச்சு?"

பெரியப்பாவுக்கு ஒரே நாள் லீவு.

ஆபரேஷன் அன்று காலை மேனேஜர் பழக்கூடையும் கையுமாகக் கிளம்பிவிட்டார். "அப்பா இல்லாத பையன், நாமதான் கூட நிக்கணும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷன்தான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பெரியப்பா, இவர் எங்க மேனேஜர்" என்றான் செவப்பு. அந்தச் சொல்லில் குரல் இடறியது.

மேனேஜருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "இவங்க அப்பா எப்படிங்க போனாரு?" என்று கேட்டுவைத்தார்.

"என் தம்பியா? திடீர்னுதாங்க. அவனுக்கே தெரியாது." அப்பா சிரிக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது. "இவன்னா அவனுக்கு உசுரு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத்தான் கொடுத்துவைக்கல. இருந்திருந்தா, பயப்படாதடான்னு சொல்லியிருப்பான்."

செவப்பு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். "ஆபரேஷனுக்குச் சம்மதம். பேரும், அவருக்கு நீங்க என்ன உறவுன்னும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மேனேஜர் தன் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். செவப்பு பெயரை எழுதினான். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. காகிதம்தானே, எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். கோட்டின் முன்பாதியில் இடம் விட்டு, பின்பாதியில் 'மகன்' என்று எழுதினான். அதற்கு முன்னால் 'தம்பி' என்று சேர்க்க வேண்டும். நான் அவன் கையையே பார்த்தேன். மேனேஜரும் பார்த்தார்.

"எழுதிட்டியாடா?" கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"எழுதிட்டேம்ப்பா" என்று, முன்பாதி காலியாகவே இருந்த தாளை நர்ஸிடம் கொடுத்தான்.