மத்தியானப் பரீட்சை

பொறியியல் நுழைவுத் தேர்வு எனக்குக் கரோல் பாக்கில் ஒரு பள்ளியில் போட்டிருந்தார்கள். காலையில் கணக்கு, மத்தியானம் இயற்பியலும் வேதியியலும். கிட்வாய் நகரிலிருந்து அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தார்.

கணக்கு சுமாராகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் வெளியே வந்தபோது பயம் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் கோச்சிங் போகும் பையன்கள் கூடி விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றேன்.

இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்று தெரிந்தால், இரண்டிலுமே இரட்டைப்படை விழுந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி. நான் அரை என்று போட்டிருந்தேன்.

"கால்தான். இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவன் இந்தியில் சொன்னான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த இரண்டு கேள்விகளிலும் என் விடை அவர்களோடு ஒத்துப்போகவில்லை.

வாசலில் அப்பா தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போலாம்ப்பா. எல்லாம் தப்பு."

"அச்சா, முதல்ல சாப்பிடு. மத்தியானம் நல்லா எழுதிட்டா சரியாப் போயிடும்."

"என்னால முடியாதுப்பா."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நான் அழ ஆரம்பித்தேன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்து, "சரி, வா" என்றார். பஸ்ஸில் அந்த மூன்று கேள்விகளையும் என் விடைகளையும் அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

அந்த வாரமே ஒரு கோச்சிங் நிலையத்தில் விடைகளை ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா ஆபீஸிலிருந்து நேரே அங்கே போயிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அரைதாம்மா சரி. இன்னொண்ணும் நீ சொன்னதுதான். ஒண்ணுதான் தப்பு."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

அடுத்த வருஷம் மறுபடி எழுதச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன், பாங்கில் வேலை கிடைத்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கட்டட வேலை நடக்கும் இடங்களில் வரைபடத்தை விரித்து நிற்கும் பெண்களைக் கண்டால் இன்றும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

கல்யாணமான புதிதில் என் கணவரிடம் அப்பா சொன்னது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. "அவ சின்னப் பொண்ணு, அழுதா. நான்தான் கையைப் பிடிச்சு உள்ள கொண்டுபோய் விட்டிருக்கணும்."

உங்கள் மேல் தப்பில்லை என்று எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது அப்பா இல்லை.