தக்காளிக்குப் பிரசவம் பார்க்கிறவர்

கூடையில் கைவிட்டால் டாக்டர் ஜெபமணி நல்ல தக்காளியை எடுக்க மாட்டார். கனிந்து, தோல் மெலிந்து, தொட்டால் உடைகிற பழமாகப் பார்த்துப் பொறுக்குவார். ஆஸ்பத்திரி வாசலில் காய்கறி விற்கிற எனக்கு அதில் சந்தோஷம்தான். யாரும் சீண்டாததை ஒருவர் தேடி வாங்குகிறாரே. "இதுக்கு மேல பழுத்தது இல்லையாய்யா?" என்று வேறு கேட்பார்.

போடிக்காரர். சின்ன வயது, குள்ள உருவம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் என் தராசுக் கயிற்றில் ஒற்றைக் கையால் ஆபரேஷன் தையல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். அவர் போன பிறகு அவிழ்ப்பது என் பாடு. கேட்டால், "நான் எங்கய்யா போட்டேன், கை பாட்டுக்குப் போட்டுருது" என்பார்.

அந்தப் பழங்கள் எங்கே போகின்றன என்பதை, சமையற்கட்டுக்குக் காய் கொண்டுபோன ஒரு நாள் பார்த்தேன். பின்பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கசாப்புக் கடையிலிருந்து வாங்கிய ஆட்டுக் கருப்பை. அதற்குள் என் தக்காளியை வைத்துத் தைத்து, மேலே கத்தியால் கீறினார். பை பிளக்க வேண்டும், பழத்தின் தோலில் கோடுகூட விழக் கூடாது. சாறு கசிந்தால், "பிள்ளைக்குக் காயம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்ததை எடுப்பார்.

"தக்காளிக்குப் பிரசவம் பாக்குற டாக்டர இங்கனதான் பாக்குறேன்" என்றாள் சமையல்காரி பஞ்சம்மாள். "தாயும் பிள்ளையும் சொகமா?"

"தாய் சொகம். பிள்ளைதான் கொஞ்சம் சேதாரம். ரசம் வச்சுரு."

"நீங்களே குடிங்க தாயி."

நிசமான ஆபரேஷனில் அவருக்குக் கத்தி கிடையாது. பெரிய டாக்டர் ஞானதுரை கீறுவார். கீறிய இடம் மூடிக்கொள்ளாமல் கொக்கி போட்டு இழுத்துப் பிடிப்பதுதான் ஜெபமணியின் வேலை. வந்த நாளிலிருந்து அதுதான். "கண்ணுக்கு எல்லாந் தெரியும்யா. கைக்குத்தான் ஒண்ணுந் தெரியல" என்று ஒருமுறை சொன்னார்.

பெரிய டாக்டர், பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி மதுரைக்குப் போயிருந்த ஒரு நாள், வருசநாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. கத்தி இருந்தது, அதைப் பிடித்துப் பழகிய கை இல்லை. வண்டி கட்டித் தேனிப் பக்கம் அனுப்பினார்கள். வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பழம் பொறுக்கும்போது ஜெபமணி பேசுவதை விட்டுவிட்டார்.

போன மாதம் என் மகள் ராஜாத்திக்குத் தலைப்பிரசவம். வலி வந்தும் பிள்ளை இறங்கவில்லை. அவளுக்கும் குறுக்கேதான். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார். கீறப் போவது ஜெபமணி என்றும், தான் பக்கத்திலேயே நிற்பதாகவும், கை தடுமாறினால் அந்த நொடியே கத்தியை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

என் மனைவி கருத்தம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "படிச்சுப் பழக எம் மக வயிறுதான் கெடச்சுச்சா? நீங்கதான் இருக்கீகளே சாமி, நீங்களே செய்ங்க."

"இன்னைக்கு நான் இருக்கேம்மா" என்றார் அவர். "வருசநாட்டுப் பொண்ணு வந்த அன்னைக்கு நான் இல்லையே."

கருத்தம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஜெபமணியைப் பார்த்தேன். காலையில் என்னிடம் வாங்கிய பழமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணுல கீறல் விழுந்துருச்சுய்யா" என்றார். "கடைசியா வச்சதுல. அவசரப்பட்டுட்டேன்."

எல்லாம் முழுசாக வந்தது என்று அவர் சொல்லியிருந்தால், நீங்களே செய்யுங்கள் என்று நான் பெரிய டாக்டரின் காலைப் பிடித்திருப்பேன்.

"சரி ஆத்தா, அவசரப்படாமச் செய்யி" என்றேன்.

கதவு மூடியது. இடுக்கு வழியாக மயக்கம் கொடுக்கிற குளோரோபார வாடை வந்தது. கருத்தம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே கத்தரியை வைக்கிற ஓசை, பெரிய டாக்டரின் தாழ்ந்த குரல், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குப் பிறகு, பூனைக்குட்டி போல ஒரு கத்தல். கருத்தம்மாள் என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ராஜாத்தியைப் பற்றி யாரும் வந்து சொல்லவில்லை. தையல் போடும் நேரம் முழுக்க அப்படியே இருந்தோம்.

கடைசியில் ஜெபமணியே பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ராஜாத்தி நன்றாக இருக்கிறாள், கண் விழிக்க நேரமாகும், பெரிய டாக்டர் பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னார். பிள்ளைக்குத் தலை கொள்ளாத முடி. மடக்கிய கைகள். கருத்தம்மாளின் அதே சப்பை மூக்கு. எனக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.

"பேரனா பேத்தியா ஆத்தா?" என்று கேட்டேன்.

அவர் காதில் அது விழவில்லை. வெயில் விழுகிற சன்னல் பக்கம் போய்த் துண்டை விலக்கினார். பிள்ளையை இடது கையில் குப்புறப் போட்டு, வலது கை விரலால் உச்சந்தலை, பிடரி, தோள், முதுகு என்று, எங்கேயாவது கோடு விழுந்திருக்கிறதா என மெல்லத் தடவிக்கொண்டே போனார்.